டேப்பைக் கிழித்த கிளெனிஸ்

இதில் சில இடங்கள் எனக்கு நிச்சயமில்லை. கிளெனிஸ் தலையில் போர்த்தியிருந்தது நீலப் போர்வை என்று நான் சொல்வேன்; அவள் கணவன் மர்ரி அது கடற்கரைத் துண்டு என்பான். கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைந்திருந்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான். ஆனால் அன்று எக்ஸ்மவுத்தில், வண்டிவீடுகள் நிறுத்தும் கேரவன் பூங்காவில் நின்ற யாரைக் கேட்டாலும் அரைமணி நேரம் நின்றதுபோலத்தான் பேசுவார்கள். ஆகவே என் நினைவில் தங்கியபடி சொல்கிறேன்.

கிளெனிஸ் அதிகம் பேசாதவள். பல வருஷங்களுக்கு முன் கெய்ர்ன்ஸில் ஒரு முழுக் கிரகணத்தை, தொலைநோக்கியில் கேமராவைப் பூட்டிப் படமெடுத்தாள். ஃபோகஸ் மயிரிழை தப்பியிருந்தது. அத்தனை படமும் கலங்கல். மர்ரி அதில் ஒன்றுக்குச் சட்டம் போட்டுக் கழிப்பறையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் தன் பெண்டாட்டி சுட்ட முட்டை என்று காட்டினான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த முறை ஒரே ஒரு படமாவது கூர்மையாக வேண்டும். அதற்காகத்தான் பெர்த்திலிருந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தாள்.

காலையில், செம்மண் சூடேறுவதற்கு முன்பே, தொலைநோக்கியின் முகப்பில், சூரியனைத் தவிர வேறெதையும் காட்டாத கறுப்பு மூடியான சூரிய ஃபில்டரை மாட்டினாள். சூரியனிலிருந்த கரும்புள்ளி ஒன்றைக் கேமராத் திரையில் பெரிதாக்கி, ஃபோகஸ் திருகை இம்மி இம்மியாக நகர்த்தினாள். புள்ளியின் ஓரம் கீறினாற்போல் தெளிந்ததும் திருகின்மேல் டேப் ஒட்டினாள். கிரகணம் துரத்துகிறவர்களுக்கு இது சடங்கு மாதிரி. டேப் ஒட்டியபின் யாரும் தொடக்கூடாது. பதற்றத்தில் கைபட்டுக் கெட்ட படங்களின் கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். வேலையையும் பிரித்துக்கொண்டார்கள். கேமராவிலிருந்து கம்பியில் வரும் பொத்தான் கிளெனிஸ் கையில். சூரியன் முழுதாக மறைந்த கணத்தில் ஃபில்டரைக் கழற்றுவது மர்ரி. அவனுக்கு அன்று அது ஒன்றுதான் வேலை.

நிலா சூரியனைக் கடித்துப் பாதிக்குமேல் போயிருந்தபோது, தொலைநோக்கிக் குழாயில் கை வைக்க முடியாத வெயில். கிளெனிஸ் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறையின் கொம்பு முனை பஞ்சாகப் பிரிந்திருந்தது. சூட்டில் குழாய் நீண்டு, ஃபோகஸ் நகர்ந்துவிட்டது.

அடுத்த கேரவன்காரன் விம், ஜெரால்ட்டனில் கூரை போடுகிறவன், டேப் ஒட்டிய தன் தொலைநோக்கியை விட்டு எட்டிப் பார்த்தான்.

"தொடாத, கிளெனிஸ். டேப்பு ஒட்டினா ஒட்டினதுதான். இப்ப கை வச்ச, உள்ளதும் போயிரும்."

மர்ரி சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே, "இன்னொரு முட்டை வந்தா வரட்டும் கண்ணு, ஜோடியா மாட்டிரலாம்" என்றான்.

அவள் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொடாமல் விட்டால் கலங்கல் நிச்சயம். தொட்டால் என்ன ஆகுமென்று தெரியாது. தெரியாததுதான் மேல் என்று தோன்றியது. நகத்தால் நெம்பி டேப்பைக் கிழித்தாள்.

வெயிலில் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. மர்ரியை எழுப்பி, போர்வையைக் கூடாரம்போலப் பிடிக்கச் சொல்லி உள்ளே புகுந்தாள். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. திருகை நகர்த்தினாள், கொம்பு கூர்ந்தது, இன்னும் நகர்த்த மழுங்கியது, திரும்பி வந்தாள். வெளிச்சம் குறையக் குறையக் காற்று குளிர்ந்தது. குழாய் சுருங்கியது. பிடித்த ஃபோகஸ் மெல்ல நழுவ, அவளும் அதன் பின்னாலேயே போனாள். பிறை நகக்கீற்றாயிற்று, கீற்று நூலாயிற்று. நூலின் இரு முனையும் ஊசியாக நின்றன. இதுதான் என்று கையை எடுத்தாள்.

திரை இருண்டது.

கேமரா செத்துவிட்டது என்று நினைத்தாள். வெளியே பூங்கா முழுக்க ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. மர்ரியைக் கூப்பிட்டாள். போர்வை அவள் தோளில் சரிந்து விழுந்தது.

மர்ரி கை இரண்டையும் தொங்கவிட்டு, வாய் பிளந்து அண்ணாந்து நின்றான். கன்னம் நனைந்திருந்தது. அவளும் நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் இருந்த இடத்தில் கருப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளை ஒளி இழை இழையாகப் படர்ந்திருந்தது. கொக்கட்டூக் கிளிகள் கூட்டமாக மரத்துக்குத் திரும்பின. பொத்தான் கையில் இருப்பதையே அவள் மறந்துபோனாள். வாழ்க்கையில் தான் அறிந்த மிக நீண்ட மௌனம் அதுதான் என்று பிறகு சொன்னாள்.

"ஏய், மூடியோட நிக்குது உன் மிஷினு!" என்று விம் கத்தினான்.

கிளெனிஸ் ஃபில்டரைப் பிடுங்கினாள். பொத்தானை மூன்று முறை அழுத்தினாள். அதற்குள் விளிம்பில் சூரிய ஒளி வைரமாய் வெடிக்க, அவசரமாக ஃபில்டரைத் திரும்ப மாட்டினாள்.

விம்மோடு சேர்த்து மூன்று தலைகளும் போர்வைக்குள் புகுந்தன. முதல் படம், ஃபில்டரைப் பிடுங்கியதில் ஆடியிருந்தது. மூன்றாவது வெறும் வெளிச்சம். இரண்டாவதைப் பெரிதாக்கினாள். கருவட்டத்தின் விளிம்பில் சிவந்த சுடர்கள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியும் நுனியும் தனித்தனியாகத் தெரிந்தன. இன்னும் பெரிதாக்கினாள். அப்போதும் கலையவில்லை.

"உனக்கு ஒரே ஒரு வேலைதானே குடுத்தேன், மர்ரி" என்றாள்.

"பாத்துக்கிட்டே நின்னுட்டேன் கண்ணு."

"நானுந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூவருக்கும் அடங்கவேயில்லை. மூச்சு முட்டுகிறது என்று விம் போர்வையை உதறும்வரை உள்ளேயே சிரித்துக் கிடந்தார்கள்.

அந்தப் படம் பெர்த் வானியல் சங்கமொன்றின் நாட்காட்டியில் நவம்பர் மாதத்துக்கு வந்தது. விம் கூரை வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு இருக்கிறான். அன்று அவன் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கல். மர்ரி முழங்கால் அறுவைக்குப் பிறகு நன்றாக நடக்கிறான். கிளெனிஸ் அடுத்த கிரகணத்துக்கு டப்போவில் இப்போதே இடம் பிடித்துவிட்டாள். ஃபில்டர் வேலையை மர்ரிக்கே கொடுத்திருக்கிறாள்.