டாக்குரியாவில் நகர்ந்த சுவர்

டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால் ஜலஜா குடியிருந்த ஒற்றை அறையின் கிழக்குச் சுவர், 1969 ஆடி மாதத்திலிருந்து, அவள் மாவரைத்து விற்ற நாள்களில் மட்டும் ஒரு ரவை அகலம் வெளியே நகர்ந்தது. வெளிப்பக்கம் சந்து குறுகவில்லை. அடுத்த வீட்டாருக்கும் இடம் குறையவில்லை. வீட்டுக்கார கோஷ் பாபு டேப் வைத்து அளந்து பார்த்து, வாடகையை ஏற்றலாமா என்று கேட்க அலிப்பூரில் ஒரு வக்கீலிடம் போனார். உள்ளுக்குள்ளேயே வளர்கிற இடத்துக்குச் சட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டு வக்கீல் பீஸை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் ஜலஜா பெரிய இடம் கேட்கவில்லை. கணவர் வைத்தியநாதன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த அறையில் இரண்டு பேர் கால் நீட்டுவதே கஷ்டம் என்பதால், மூன்று வயது மகள் அமலாவை மாயவரத்தில் ஜலஜாவின் தங்கை சுப்புலக்ஷ்மியிடம் விட்டிருந்தார்கள். ஒரு கட்டில் போட இடம் கிடைத்ததும் குழந்தையை அழைத்து வருவதாகப் பேச்சு. ஜலஜா விடிந்ததும் ஆட்டுக்கல்லில் உட்காருவாள், கரியாஹாட் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குத் தூக்கில் மாவு கொண்டு போவாள், திரும்பி வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பாள்.

வைத்தியநாதன் தினமும் சாஸ்திரம் படிப்பவர். நேர்மையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் நிலைக்கும், அவசரமாக வந்தது அவசரமாகவே போய்விடும் என்று அவர் அர்த்தம் சொன்னால் கேட்பவர்கள் உருகிப்போவார்கள். அந்த மனுஷர்தான், கட்டிலுக்கு நாலு விரற்கடை பாக்கி இருந்தபோது, துர்கா பூஜைக்குள் மகளைப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பில் மாவில் தண்ணீரைக் கூட்டி, சோடா உப்பைப் போட்டார். பாவம், பெற்ற மனசு. மாவு பொங்கி வழிந்தது. புதிதாகக் கேட்ட வீடுகளுக்கும் கொடுக்க முடிந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் சுவர் முதலில் இருந்த இடத்தையும் தாண்டி உள்ளே வந்து நின்றது.

"ஏன்னா, மாவுல என்ன போட்டேள்?"

"துளி சோடாதான் ஜலஜா. கொழந்தை சீக்கிரம் வரட்டுமேன்னு..."

ஜலஜா திட்டவில்லை. அழுதாள். பிறகு முகத்தை அலம்பிக்கொண்டு, மறுநாள், அந்த சோடா மாவை வாங்கியவர்கள் எல்லோருக்கும் நல்ல மாவு கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கப்புறம் ஆட்டுக்கல்லில் வைத்தியநாதனும் உட்கார்ந்தார். மெட்ரோ ரயிலுக்காக ஊரைத் தோண்டினார்கள், லோட்ஷெடிங் என்று தினமும் கரண்டை நிறுத்தினார்கள், ஆட்சி மாறியது, சுவர் ரவை ரவையாக நகர்ந்தது. மாயவரத்திலிருந்து வந்த போட்டோக்களில் அமலாவின் கவுன் பாவாடை தாவணி ஆயிற்று. ஆனாலும் ஜலஜா மனசுக்குள் அளந்து வைத்திருந்தது மூன்று வயசுக் குழந்தைக்குத்தான்.

1982 பூஜைக்கு முன்னால் கட்டில் போட்டார்கள். ஹௌராவில் இறங்கிய அமலா அப்பாவைவிட உயரமாக இருந்தாள். அறைக்குள் வந்து பையை வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்தாள்.

"பெரியம்மா, நான் எங்க படுத்துக்கட்டும்?"

அமலாவுக்கு அம்மா மாயவரத்தில் இருந்தாள். ஜலஜா கட்டிலைக் காட்டினாள். படுத்துப் பார்த்த பெண்ணின் பாதங்கள் சுவரில் இடித்தன.

பெரியம்மா எப்போது அம்மாவாவாள் என்று ஜலஜா யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் எழுந்து அரிசி களைந்தாள். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.