சினோராவின் ஆங்கிலச் சீமாட்டி

செலஸ்ரீனா வேலை செய்த இத்தாலிய வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் படம் தொங்கியது. இருட்டிலிருந்து வெல்வெற் போல முகம் எழும் பழைய அச்சுப்படம். "என் கணவரின் பரம்பரை இவளிடமிருந்துதான் தொடங்குகிறது," என்று வீட்டு எசமானி சினோரா தெரேசா வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லும்போதே முதுகை நிமிர்த்திக்கொள்வார். இந்த வீட்டுப் பெண்கள் இவளைப் போலத்தான் உட்கார வேண்டும் என்பது நாற்பது வருடங்களுக்கு முன் மாமியார் போட்ட சட்டம். மாமியாரும் போய்க் கணவரும் போன பிறகும், தனியாகச் சாப்பிடும்போதுகூடச் சினோரா நிமிர்ந்தே இருந்தார்.

தொண்ணூற்றாறில் ஒரு வியாழக்கிழமை, அரைநாள் விடுமுறையில் செலஸ்ரீனா கணவன் ஏர்னஸ்ற்றுடன் வியா மக்வேதா தெருவில் நடந்து போனாள். ஒரு பழம்பொருள் கடையின் கண்ணாடிக்குள் அதே சீமாட்டி இருந்தாள்.

"இஞ்சை பாருங்கோ, எங்கடை சினோரா வீட்டுக் கிழவி. ஆரோ களவெடுத்துப்போட்டாங்கள். காலமை நான்தான் தூசி தட்டினனான். பழி என்ரை தலையிலைதான் விழும்."

"கொஞ்சம் பொறும், ஆறுதலாக் கதைப்பம்," என்று ஏர்னஸ்ற் சொல்லி முடிப்பதற்குள் அவள் கடைக்குள் போய்விட்டாள்.

இது களவுப் படம் என்று அவள் சொன்னதற்குக் கடைக்காரர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து அதே முகத்தோடு இன்னும் இரண்டு சீமாட்டிகளை எடுத்துப் பரப்பினார். மூன்று பேரும் செலஸ்ரீனாவை ஒரே மாதிரி முறைத்தார்கள்.

"இது மெசோரின்ற் அச்சு," என்றார். "செப்புத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கிவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழுவழுப்பாக்குவார்கள். மை பூசி அச்சடித்தால் ஒரு தகட்டில் நூறு படமாவது வரும். அந்தக் காலத்து லண்டனில் பிரபுக்கள் வீட்டு அழகிகளின் முகம் கடை கடையாக விற்றது. ஆரும் வாங்கிச் சுவரில் மாட்டலாம்."

படத்தின் அடியில் ஆங்கில எழுத்து இருந்தது. மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: லேடி ஓகஸ்ரா பெல்வின். சினோராவின் படத்தில் அந்த விளிம்பே இல்லை. ஆரோ கத்தரித்திருந்தார்கள்.

"இவளுக்கு எத்தனை பிள்ளைகள்?"

கடைக்காரர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "ஒன்றுமில்லை. சீட்டாட்டத்தில் கணவனின் குதிரைகளை எல்லாம் தோற்றாளாம். அவ்வளவுதான்."

பொலிதேயாமா நாடக அரங்கு வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மறுபடி சிரித்தார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது செலஸ்ரீனா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சினோரா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிள்ளையே இல்லையா?"

"இல்லை, சினோரா."

சினோரா எழுந்துபோய்ப் படத்தின் அடிப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தார். "கோணல் வெட்டு. இது என் மாமியாரின் கைவேலைதான்."

திரும்பி வந்து உட்கார்ந்தவர் நாற்காலியில் மெல்லச் சரிந்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, காலை அடுத்த நாற்காலியில் போட்டார். விக்கல் போல ஒரு சிரிப்பு வந்தது. பிறகு நிற்கவே இல்லை.

"நாற்பது வருட முதுகுவலி, செலஸ்ரீனா. உட்கார், நீயும் உட்கார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கற்றானியா நகரில் இருந்த கணவரின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். "உன் அம்மா," என்று தொடங்கினார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. சிரிப்பில் மூச்சுமுட்ட, ரிசீவரைச் செலஸ்ரீனாவிடம் நீட்டினார்.

"நான் வியாழக்கிழமை வியா மக்வேதாவில் போய்க்கொண்டிருந்தேன்," என்று செலஸ்ரீனா ஆரம்பித்தாள்.