கொம்பு முத்திரை

சேணத்தின் வாரை அறுத்து முடித்த ஹாஸ்கி, செத்துப்போன தம்பியின் கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்ததும் கத்தியை மண்ணில் குத்தினார்.

செத்தவனோடு குழிக்குப் போகிற எதுவும் முழுசாகப் போகக்கூடாது. காப்பிக் கெட்டிலில் ஓட்டை போட்டாயிற்று. சுத்தியல்களின் பிடிகளை முறித்தாயிற்று. பெட்டியில் உளிகளெல்லாம் இருந்தன. தான் செய்த ஒவ்வொரு வெள்ளிக் காப்பின் உள்பக்கமும் தம்பி அடிக்கிற ஆட்டுக்கொம்பு முத்திரை இரும்பு மட்டும் இல்லை.

"எங்கடா அது?"

தம்பி மகன் டெரில் பட்டறைக் கதவில் சாய்ந்து நின்றான். "எது பெரியப்பா?"

"நடிக்காத. காப்பெல்லாம் வாங்கி விக்கிற அந்தக் கேலப் டவுன் கடைக்காரன் நேத்து உன் தோள்ல சாஞ்சு அழுதப்பவே நெனச்சேன். அவன் அழுதது என் தம்பிக்கா, அந்த இரும்புக்கா? அது மண்ணுக்கு மேல கிடந்தா, கண்ட குப்பைக்கெல்லாம் செத்தவன் கைவேலைன்னு முத்திரை விழும்."

"குப்பை இல்ல." டெரில் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். "ரெண்டு வருஷமா அப்பாவுக்குக் கண்ணு தெரியல. அவர் பேர்ல வந்ததெல்லாம் நான் செஞ்சது. கடைசியில முத்திரை மட்டும் அவர் அடிப்பார்."

ஹாஸ்கி, தம்பி பெண்டாட்டி ஐலீனைப் பார்த்தார். முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைகிற கையை அவள் நிறுத்தவில்லை.

"நிசந்தான் அத்தான்."

ஹாஸ்கி பையன் பக்கம் திரும்பினார். "அப்ப உனக்குன்னு ஒண்ணு வெட்டிக்க வேண்டியதுதானே? கையில சுளுக்கா?"

"வெட்டினேன். என் சோத்தத் தின்னுட்டுத் தனி முத்திரை கேக்குதான்னு அப்பா ஓடையில வீசிட்டார்."

ஹாஸ்கிக்கு ரத்தம் கொதித்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. செத்து நாலு நாள் ஆகாதவனைப் பேர் சொல்லித் திட்டவும் வழியில்லை. அதையும் சேர்த்துப் பையன் மேலேயே காட்டினார். முத்திரையைப் பிடுங்கி, பட்டறையில் கிடந்த தண்டவாளத் துண்டின்மேல் தலைகீழாக நிறுத்தி, வேலிக்கம்பம் அடிக்கிற சுத்தியலால் ஓங்கிப் போட்டார்.

முத்திரை துள்ளி விழுந்தது. ஒரு கீறல் இல்லை. சுத்தியல் முகத்தில்தான் கொம்பு பதிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு போடுங்க," என்று டெரில் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "கடைக்காரனுக்கு அந்தச் சுத்தியலக் குடுத்துடலாம்."

"வாய மூடுறா!" மறுபடி அடித்தார். மறுபடி துள்ளியது. மூச்சு வாங்கியது.

"விடுங்க பெரியப்பா. அப்பா பதம் போட்ட எஃகு. அடிச்சாச் சாகாது. பழுக்கக் காய்ச்சி, பதத்த எறக்கினாத்தான் அரம் பிடிக்கும்."

"அப்பக் காய்ச்சு."

"நானா?"

"பின்ன நானா? எனக்கு ஆட்டு மயிர் வெட்டத்தான் தெரியும்."

டெரில் நகரவில்லை. ஐலீன் எழுந்து வந்தாள். மாவுக் கையோடு கேஸ் ஊதுகுழலை எடுத்து மகனிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவன் காய்ச்சினான். எஃகு சிவந்தது. சாம்பலில் புதைத்து ஆறவிட்டான். பிறகு இடுக்கியில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையோ வைவதுபோலவே அராவினான். கொம்பின் நுனி போயிற்று. வளைவு போயிற்று. மொட்டை இரும்பை ஹாஸ்கியின் கையில் வைத்தான்.

அதையும் உள்ளே போட்டுக் குழியை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கழுவிக்கொள்ள வேண்டும். டெரிலின் உள்ளங்கை ரேகைகளில் இரும்புத்தூள் கறுப்பாக ஏறியிருந்தது.

"தேய்டா," என்றார் ஹாஸ்கி.

தேய்த்தான். போகவில்லை.

தூரத்துக் குழாயில் பிடித்து லாரியில் கொண்டுவந்து, அளந்து செலவழிக்கிற தண்ணீர். குவளை காலியானதும் ஹாஸ்கி அதை மறுபடியும் டிரம்மில் முக்கி, அவன் கையில் ஊற்றினார்.