லேசான டூட்டி

“முதல் நாளே காட்டுக்குள்ள நடையா? நாம ஓய்வெடுக்கப் போறோமா, ஓட்டப் பந்தயத்துக்குப் போறோமா?” என்றாள் மனைவி.

“நடைன்னா என்ன, சும்மா பத்தடி. மரத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடலாம்.”

“உங்க பத்தடி எனக்குத் தெரியாதா? என் முட்டியைக் கேளுங்க, அது சொல்லும்.”

சாப்பாட்டு மேஜை மேல் வரைபடம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் சர்க்கரை டப்பா, எதிர் மூலையில் இஸ்திரிப் பெட்டி. வரைபடத்தில் நீலத்தை ஒட்டி ஒரே பச்சை. அந்தக் கடற்கரைக்குச் சாலை கிடையாது. காடு நேராக வந்து தண்ணீரில் இறங்குகிறது. போக வேண்டுமானால் படகுதான். காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் வடக்கே போகும், மாலைக்குள் திரும்பும். வழியெல்லாம் துறைகள். துறைக்கு ஒன்றாக, மரத்தால் கட்டிய சின்ன விடுதிகள்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு டூட்டி போடுகிறவர். யாருக்குப் பகல், யாருக்கு இரவு, யார் எந்த வார்டு என்று பிரித்துக் கொடுப்பதே அவர் உத்தியோகம். அவருடைய சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ‘டூட்டி சார்’ என்றால் வாட்ச்மேனே வழிகாட்டுவார். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கைப் பார்த்து ஃபிரேம் எடுத்துக் கொடுப்பாள். இருவரும் சேர்ந்து ஒரு வாரம் லீவு எடுப்பது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“என்ன டூட்டி சார், ரெண்டாவது ஹனிமூனா?” என்று ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்கள் சீண்டினார்கள்.

“முதலாவதே இன்னும் பாக்கி இருக்கும்மா” என்று சொல்லிச் சமாளித்தார்.

ஹனிமூனும் இல்லை, ஓய்வும் இல்லை. அந்தப் படகில் அவர்களுடைய மகள் வேலை பார்த்தாள்.

வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் கணவன் கை நீட்டினான். வாண்டு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். டூட்டி சார் சம்பந்தியோடு பேசினார். மாப்பிள்ளையிடம் ‘இனிமேல் நடக்காது’ என்று வாக்கு வாங்கினார். தானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். மறுபடியும் வந்தாள். மறுபடியும் கொண்டுபோய் விட்டார். கடைசியாக அவள் வந்தபோது உதட்டில் தையல் இருந்தது. அப்போதும் அம்மா பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள், அப்பா காரில் ஏற்றினார். அந்த வீட்டு வாசலில் அவர் காரை விட்டு இறங்கக்கூட இல்லை. “உள்ள போம்மா” என்றார். கார் தெருமுனை திரும்பியது.

வாண்டு உள்ளே போகவில்லை. எங்கே போனாள் என்று வருடக்கணக்காக ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு ஐ.சி.யூ. சிஸ்டர் ஒருத்தி லீவில் அந்தக் கடற்கரைக்குப் போய் வந்து, எடுத்த படங்களை எல்லோருக்கும் காட்டினாள். ஒரு படத்தில் படகின் மேல்தளத்தில் சிஸ்டரின் குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் தொப்பியுமாக ஒருத்தி துறையில் வீசுவதற்கான கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டூட்டி சார் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் தெளிவாக இல்லை.

“அவதான்” என்றாள். “இடது கையை இடுப்புல வச்சிருக்கா பாருங்க. கயிறு பிடிக்கும்போதுகூட அந்தத் திமிரு போகல.” சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

நாளைக்கே போய்விடலாம் என்றுதான் அவர் துடித்தார். அவள்தான் தடுத்தாள்.

“ஒரு நாள் போய் எதிர்ல நின்னா, ஓடிப் போயிடுவா. ஒரு வாரம் போவோம். தினம் ஒரு துறை, ஓய்வா. மத்த பயணிங்க மாதிரி ஏறுவோம், இறங்குவோம். நாமளா போய் ஒட்ட வேணாம். ஒரு வாரம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா, ஒரு நாளாவது பக்கத்துல வந்து ‘என்ன வேணும் உங்களுக்கு’ன்னு திட்டவாவது திட்டுவா. எனக்கு அது போதும்.”

பயணம் அப்படித்தான் தயாரானது. அவள் ஒவ்வொரு விடுதிக்கும் தானே போன் செய்தாள். மாடிப்படி இல்லாத அறை வேண்டும், துறை தெரிகிற ஜன்னல் வேண்டும். “கடல் தெரியற பக்கம் இன்னும் அழகா இருக்கும்மா” என்று ஒருத்தி சொன்னதற்கு, “அழகு கிடக்கட்டும், படகு தெரியணும்” என்றாள். மழைக்கோட்டு வாங்கினார்கள். அவருக்கு எடுத்தது முழங்கால் வரைதான் வந்தது. “பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரட்டுமா?” என்று கேட்டு அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒத்திகைகூட நடந்தது.

“பக்கத்துல வந்தா முதல்ல என்ன சொல்வீங்க?”

“எப்படிம்மா இருக்கேன்னு கேப்பேன்.”

“வேணாம். அதைக் கேக்க நமக்கு வாயே கிடையாது. ஒண்ணும் பேசாதீங்க. டிக்கெட்டை நீட்டுங்க, போதும்.”

“நீட்டினா?”

“கிழிச்சுக் குடுப்பா. வாங்கிக்கோங்க.”

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. அவர்கள் போகிற வாரம் வாண்டுவுக்கு எந்தப் படகு? அதைக் கண்டுபிடிப்பது தனக்குத் தூசு என்றார் டூட்டி சார். படகு கம்பெனிக்குப் போன் செய்து, அங்கே டூட்டி போடுகிறவரைக் கேட்டு வாங்கிப் பேசினார். எதிர்முனையில் கரகரத்த குரல், கலகலப்பான மனிதர்.

“நீங்களும் டூட்டி போடறவரா? எத்தனை பேருக்கு?”

“முந்நூறு நர்ஸுங்க சார்.”

“அடேயப்பா! நான் நாப்பது பேருக்குப் போட்டே தலை வழுக்கையாயிடுச்சு.”

“எனக்கு வழுக்கையே மூணாவது சுத்து நடக்குது.”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். தங்கள் வேலையின் கஷ்டம் புரிந்த ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் இருவருக்கும். யாருக்கு என்ன போட்டாலும் திட்டுதான், பண்டிகை வந்தால் பாதிப் பேருக்குப் பாட்டி செத்துப்போவாள், பெண்டாட்டியே நம்மை நம்புவதில்லை என்று பேச்சு எங்கெங்கோ சுற்றி வந்தது. கடைசியில் விஷயத்தைச் சொன்னார்.

“அட, அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணு சார். நல்லா வளர்த்திருக்கீங்க.”

டூட்டி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நாங்க வர்றது அவளுக்குத் தெரியாது சார். சொல்லிடாதீங்க.”

“சேச்சே. அந்த வாரம் அவளுக்குக் காலைப் படகுதான். எழுதி வச்சுக்கோங்க.”

கேட்க வந்தது அவ்வளவுதான். போனை வைத்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நர்ஸின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தாலும், அந்த வாரம் அவளுக்கு இரவு டூட்டி போட மாட்டார். கேட்காமலே லேசான வார்டாகப் பார்த்துத் தள்ளிவிடுவார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தவர், தன் பிள்ளைக்கு ஒரு தடவைகூடச் செய்ததில்லை. வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது.

“முடிஞ்சா அந்த வாரம் அவளுக்குக் கொஞ்சம் லேசான டூட்டியா பார்த்துப் போடுங்க சார்.”

“இதெல்லாம் சொல்லணுமா? நமக்குள்ள.”

மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு. உக்காந்து டீ குடிக்கவாவது அவளுக்கு நேரம் கிடைக்கும்” என்றாள்.

கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தபோது அந்தக் கரகரத்த குரல் திரும்பக் கூப்பிட்டது. மதிய நேரம். டூட்டி மாற்றிக் கேட்க ஜன்னலுக்கு வெளியே நர்ஸ்கள் நின்றிருந்தார்கள்.

“சார், மன்னிச்சுக்கோங்க” என்றுதான் ஆரம்பித்தார் அவர்.

“என்ன சார்?”

“லேசான டூட்டி என்ன பெரிய லேசுன்னு, அந்த வாரம் முழுக்க லீவே போட்டுட்டேன். உங்களோட ஜாலியா சுத்தட்டும்னு. அந்தப் பொண்ணு வந்து, எனக்கு லீவு வேணாம், யார் கேட்டாங்கன்னு நின்னுச்சு. வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள் லீவு எடுத்ததில்ல சார். என் மேல ஏதாவது புகாரான்னு கண் கலங்கிடுச்சு. எனக்கு மனசு கேக்கல. புகாரெல்லாம் இல்லம்மா, உங்க அப்பா அம்மா வர்றாங்கன்னு...”

டூட்டி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. ‘என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாங்களா?’ன்னு. நான் என்னத்தைக் கண்டேன்? ஆமாம்மா, கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டத்தான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். மிதவைச் சட்டையைக் கழட்டி என் மேஜையில வச்சுது. எதிர்ப்பக்கம் போற படகுல ஏறிப் போயிடுச்சு. ரூமைக் காலி பண்ணிடுச்சு. போன் வேலை செய்யல. நல்லது பண்றதா நெனச்சு...”

“எங்க போனா?”

“கூடத் தங்கியிருந்த பொண்ணுக்கே சொல்லல சார்.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு நர்ஸ், “சார், எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்...” என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் துணிகளைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ‘என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாங்களா’ என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் எழும்பவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

“திரும்பக் கொண்டுபோய் விடத்தான் வர்றோம்னு நெனச்சுட்டா.”

“ஆமா.”

“வேற என்ன நெனைப்பா? நாம வேற எங்க அவளைக் கூட்டிட்டுப் போயிருக்கோம்?”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“கூட இருந்த பொண்ணுக்கு என்னைக்காவது போன் பண்ணுவால்ல? நாங்க வரல, எப்பவும் வர மாட்டோம்னு அந்த ஆளை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க. அவ திரும்பி வந்து அந்த வேலையில இருக்கட்டும். அங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும். பார்க்க வேணாம்.”

அவர் வராந்தாவுக்குப் போய் எண்ணைப் போட்டார்.

“சொல்லிடறேன் சார், கண்டிப்பா சொல்லிடறேன்” என்றார் கரகரத்த குரல்காரர். பிறகு தயங்கினார். “ஆனா அந்த இடத்துக்கு வேற பொண்ணைப் போட்டாச்சு சார். இன்னிக்குக் காலையிலேர்ந்து. கயிறு பிடிக்க ஆள் இல்லாம படகை எடுக்க விட மாட்டாங்க. ஒரு நாள்கூட இடத்தைக் காலியா விட முடியாது. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் சார்” என்றார் டூட்டி சார். “நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்.”

உள்ளே வந்தார். அவள் எழுந்து மேஜைக்கு வந்திருந்தாள். போன் கையில் இருந்தது. விடுதிகளுக்கு வர முடியாததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னார்?” என்று சைகையில் கேட்டாள்.

“சொல்லிடறேன்னார்.”

தலையாட்டிவிட்டு அடுத்த எண்ணைப் போட்டாள். முதலில் பேசியவள் கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது, இவள் மன்னிப்புக் கேட்டாள். அடுத்தவள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள். “உடம்பெல்லாம் நல்லாதான் இருக்கும்மா” என்றாள். ஒவ்வொருத்தியிடமும் பொறுமையாக, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலப் பேசினாள். கடைசித் துறை விடுதிக்காரி அன்பானவள். துறை தெரிகிற ஜன்னலுக்காக வேறொருவரை அறை மாற்றி வைத்தவள் அவள்தான். அவளுடைய குரல் போனைத் தாண்டி மேஜை வரை கேட்டது.

“பரவாயில்லம்மா, அதுக்கென்ன. அடுத்த மாசம் வேற ஒரு தேதி போடட்டுமா? அதே ரூமை வைக்கறேன்.”

மனைவி கணவனைப் பார்த்தாள். வாண்டு திரும்பி வந்துவிட்டால், ஒருவேளை மனம் மாறினால், அடுத்த மாதமோ, அதற்கும் அடுத்த மாதமோ என்று அந்தப் பார்வை கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை. வரைபடத்தின் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இன்னும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அது என்ன என்றும் புரிந்தது. டூட்டி போடுகிறவரோடு அத்தனை வருடம் வாழ்ந்தவள்.

“ஹலோ? அம்மா, இருக்கீங்களா?” என்றாள் விடுதிக்காரி.

“இருக்கேன்மா” என்றாள். “தேதி எதுவும் வேணாம். அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”