ஒரு சொம்புக் கடல்

கரட்டாறு பிறந்த இடத்திலிருந்து செத்த இடம் வரை ஏழே கிலோமீட்டர். கரடு என்கிற சின்னக் குன்றின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை மட்டும்தான் அதற்குச் சொத்து. மேற்கே பெய்வது வேறு ஆற்றுக்குப் போய்விடும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் விவசாயி செங்கோடனின் மஞ்சள் காட்டோரம் வந்ததும் கரட்டாறு மணலுக்குள் புகுந்து காணாமல் போகும். இந்த லட்சணத்தில் நீர்வளத் துறையின் கம்ப்யூட்டர் அதைக் கடலோர ஆறு என்று எழுதி வைத்திருந்தது. பத்து கிலோமீட்டருக்குக் குறைந்த ஆறெல்லாம் கடலில்தான் சேருமாம்!

கடலோரத்தில் புதிதாகப் போர்க் கிணறு போடக் கூடாது என்று செங்கோடனின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மஞ்சள் இலை சுருண்டுகொண்டே வந்தது.

நேரில் பார்க்க அதிகாரி கலையரசன் வந்தார். வெறும் மணலில் நின்று, "அலை எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டார்.

"அலைங்களா? கடலுக்கு இங்கிருந்து நூறு மைலுக்கு மேல போகோணுமுங்க!"

"கடல் இல்லைன்னு சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?"

இருக்கிற நிலத்துக்கே சர்டிபிகேட் வாங்க நாக்குத் தள்ளுகிறது. இல்லாத கடலுக்கு எங்கே போய் வாங்குவது?

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் செங்கோடன் மனைவி கண்ணாத்தாளுக்கு மனசு ஆறாது. அன்றைக்குப் பார்த்து நல்ல தண்ணீர்க் குடம் காலி. பழைய போரில் ஒரு சொம்பு பிடித்து நீட்டிவிட்டாள். ஆயிரத்து நூறு அடி ஆழத்து உப்புத் தண்ணீர், மாடே மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கலையரசன் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது, பிறகு மலர்ந்தது. 'உப்பு உண்டு. கடல் உறுதி' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"அட கெரகமே! குடியக் கெடுத்தியே!"

"ஊட்டுக்கு வந்தவரத் தொண்டை காய அனுப்பச் சொல்றீங்களா?" என்றாள் கண்ணாத்தாள்.

பத்தே நாளில் மணல் நடுவே பலகை முளைத்தது: 'கடல் கொந்தளிப்பு. குளிக்காதீர்.' ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொண்டன. மறுநாள் தண்ணீர் லாரியும் வந்தது. உப்பேறிய கடலோரக் குடியிருப்புக்குத் தினம் ஒரு லாரி நல்ல தண்ணீராம். அங்கே இருந்த குடியிருப்பு செங்கோடன் வீடு ஒன்றுதான். இரண்டு பேர் எவ்வளவுதான் குடிப்பார்கள்? மீதியெல்லாம் மஞ்சளுக்குப் பாய்ந்தது. சுருண்ட இலை நிமிர்ந்ததைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கிழங்கு பருக்கும் சமயத்தில் கலையரசன் மறுபடி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மன்னிக்கணும். தப்பு நடந்துபோச்சு, இங்க கடல் இல்லை. இன்னைக்கே திருத்திடறேன். லாரி நின்னுடும். போருக்கு முதல்லேருந்து மனு போடுங்க."

கண்ணாத்தாள் வழக்கம்போல் சொம்பில் லாரித் தண்ணீரோடு வந்தாள். செங்கோடன் பாய்ந்து பிடுங்கி வாசலில் கொட்டினார். பழைய போருக்கு ஓடி, சொம்பு நிறையப் பிடித்துவந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க சாமி. குடிச்சுப்போட்டு அப்பறம் சொல்லுங்க, கடல் இல்லீன்னு."