மஞ்சள் கவுன்

மருந்துப் பையோடு திரும்பி வந்தபோது அங்கே பச்சை வாளியைக் காணோம். துடைப்பம் சாய்த்துவைத்த தள்ளுவண்டியையும் காணோம். 'பச்சை வாளிக்கு எதிர் நாற்காலி' என்றுதான் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். துப்புரவுக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார் என்று வேறு யாருக்கானாலும் தோன்றியிருக்கும். இவளுக்கும் வழிக்கும் பிறவியிலிருந்தே ஏழாம் பொருத்தம். இன்றைக்கும் மாடி தவறிப்போய், அடுத்தவர் வீட்டுப் பூட்டில் சாவியைத் திணித்து மல்லுக்கட்டுகிறவள். வெளியே போனால் மகள்தான் கையைப் பிடித்து இழுப்பாள், "இந்தப் பக்கம்மா" என்று. அந்த மகள்தான் இப்போது காய்ச்சலில் கொதிக்கும் உடம்போடு இந்த ஆஸ்பத்திரியில் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அழாமல் இருக்கட்டும் என்று போனையும் அவளிடமே கொடுத்துவிட்டு வந்தாயிற்று.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளைச் சுவர், அதே நீல நாற்காலி. மாடி மாடியாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கக் காவலாளியிடம் போய் நின்றாள். அவர் தன் போனிலிருந்து இவள் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது. வாக்கிடாக்கியை எடுத்தார்.

"பொண்ணு எப்படி இருப்பாம்மா? என்ன டிரஸ் போட்டிருக்கா?"

காலையில் இவள்தான் போட்டுவிட்டாள். முதுகுக் கொக்கி மாட்ட வராமல் சண்டித்தனம் செய்தது நினைவிருக்கிறது. "கழுத்து சுடுதும்மா" என்றது நினைவிருக்கிறது. நிறம்? கண்ணை மூடினால் வெறும் இருட்டு. அந்த முகம்கூட வரவில்லை. எதிரில் வந்து நின்றால் ஆயிரம் பேரிலும் கண்டுபிடித்துவிடுவாள். எதிரில் இல்லாதபோது பெற்ற பிள்ளையின் முகம் அவளிடம் இல்லை. எந்தத் தாய் இதை வாய்விட்டுச் சொல்வாள்?

"மஞ்சள் கவுன்" என்று சொல்லிவிட்டாள்.

கட்டடம் முழுக்க மஞ்சள் கவுனைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ், வீறிட்டு அழும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கவுன் மஞ்சள்தான். பின்னாலேயே அதன் அம்மா, "யாரைக் கேட்டு தூக்கினீங்க?" என்று சண்டைக்கு ஓடிவந்தாள்.

அதற்கு மேல் இவளால் தாங்க முடியவில்லை. "மஞ்சள்னு சும்மா சொல்லிட்டேன்ணா. என்ன கலர்னு எனக்குத் தெரியல. பாத்தது எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது."

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நெஜமாவே அது உங்க பொண்ணுதானாம்மா?"

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பார்த்தால் இவள் நம்பர். பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"யாரு இந்த நம்பர்லேருந்து கூப்பிட்டது?" தூக்கக் கலக்கத்தில் பிசிறடித்த குரல்.

"அம்மாதாண்டி! எங்கடி இருக்கே?"

"நீ விட்டுட்டுப் போன எடத்துலதான். மறுபடியும் தொலைஞ்சிட்டியாம்மா?" பெரிய மனுஷி மாதிரி ஒரு பெருமூச்சு. "சரி, அழாதே. நீ அசையாம நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம்டி, எழுந்திருக்காதே, அங்கயே..."

இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

காவலாளி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். எந்த அடையாளத்தைச் சொல்லித் தேடச் சொல்வது? மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். நான்கு பக்கத்திலிருந்தும் வழிகள் வந்து சேரும் இடம் அது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் சொன்னபடி அசையாமல் நின்றாள். வலது கையை மட்டும், வழக்கமாக மகள் எட்டிப் பிடிக்கும் உயரத்துக்குத் தாழ்த்தி, விரல்களை விரித்து வைத்திருந்தாள்.