முதல் இருபது நிமிடம்

டிரில்லை நிறுத்தாமல் வெண்டல் குனிந்து பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிய துளை வழியே டிரில்லில் மாட்டிய நீளக் கம்பியை இறக்கி கார் எஞ்சினின் ஆயில் பம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தார். வால்வுகளை அழுத்தும் பதினாறு ராக்கர்களில் பதினைந்தின் மேல் எண்ணெய் வந்துவிட்டது. கடைசி ஒன்று காய்ந்து கிடந்தது.

“வந்துச்சா?” படுக்கையறை ஜன்னலிலிருந்து மகள் டீனா கேட்டாள். “அம்மா கேக்குறாங்க.”

“ஒண்ணு வரல.”

டீனா உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். “எஞ்சினைக் கையால கால் சுத்து சுத்திட்டு மறுபடி டிரில்லைப் போடணுமாம். டிரைவருக்கு இதுகூடத் தெரியாதான்னும் கேட்டாங்க.”

அவர் கால் சுற்றுச் சுற்றினார். கடைசி ராக்கரிலும் எண்ணெய் கசிந்தது.

மணி ஒன்பதே முக்கால். பேக்கர்ஸ்ஃபீல்டின் ஜூன் வெயில் அதற்குள் காரின் தகரத்தைத் தொட முடியாதபடி சுட வைத்திருந்தது. எட்டு மணிக்கு வந்த நர்ஸ் வாசல்வரை நடந்து, கார்ச் சாவியைத் தேடுகிற சாக்கில், “இன்னைக்குத்தான் இருக்கும்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். படுத்திருந்த மனைவி அர்லீனுக்கு அது கேட்டுவிட்டது. “அப்ப இன்னைக்கே ஸ்டார்ட் பண்ணு” என்றாள்.

வண்டி முப்பத்துநாலாம் வருஷத்து ஃபோர்டு. கூரையை நான்கு அங்குலம் வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி, உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சினை உட்காரவைத்தவள் அர்லீன். வண்டியும் கராஜும் அவளுடையவை. வெண்டல் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவர்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். ஆறிக்கிடக்கும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சூடாக்குவதுதான் அதற்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தார். சென்ற அக்டோபரில், அர்லீன் ஸ்கேனுக்குப் போயிருந்த மதியம், அவள் திரும்பி வரும்போது சத்தம் கேட்கட்டும் என்று, அவள் புதிதாகக் கட்டி முடித்து வைத்திருந்த இதே எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்தார். பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டார். அழகாகத்தான் ஓடியது. மறுவாரம் அர்லீன் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்தபோது மடிப்புகளுக்குள் இரும்புத் தூள் இருந்தது.

வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் புதுக் கேம் ஷாஃப்ட்டை முதல் இருபது நிமிடம், நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் தெறித்து அதன் முட்டுகளை நனைக்கும். வேகம் குறைந்தால் இரும்பை இரும்பு தின்றுவிடும்.

அவள் திட்டவில்லை. எஞ்சினை இறக்கணும் என்றாள், அவ்வளவுதான். ஏப்ரல் வரை ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி கட்டினாள். அதன் பிறகு படுக்கையிலிருந்து சொன்னாள், அவர் செய்தார்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்திவிட்டு வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அர்லீனின் கண்கள் பாதி திறந்திருந்தன. உதடுகள் வெடித்திருந்தன.

“டைமிங்?”

“நீ கோடு போட்ட இடத்துலதான் வச்சிருக்கேன்.”

“கார்ப்ரேட்டர்ல பெட்ரோல்?”

“ரொப்பியாச்சு. ஆயிலும் நீ எடுத்து வச்சதுதான்.”

“செல்ஃபை ரொம்ப இழுக்காத. கேம்ல பூசின பசையெல்லாம் வழிஞ்சு போயிடும்.” மூச்சு வாங்கினாள். “ரெண்டு சுத்துல பிடிக்கணும். பிடிச்சதும் மிதி. பஸ்ஸுன்னு நெனச்சுக்காத.”

“இல்ல.”

“நடுவுல எறங்கி வந்துடாத. நான் எங்கயும் போயிட மாட்டேன்.”

டீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. வெண்டல் மிதித்தார். சைலன்சர் இல்லாத குழாய்கள் தெருவையே அதிரவைத்தன. முள் இரண்டாயிரத்துக்கு ஏறியது. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஆறு.

ஆயில் அழுத்தம் அறுபது. சூடு நூற்றறுபது டிகிரி ஃபாரன்ஹீட். மிதித்தும் தளர்த்தியும் முள்ளை இரண்டாயிரத்துக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் நகர்த்தினார். எதிரே பத்தடியில் ஜன்னல் திறந்திருந்தது. வெயிலின் கண்கூச்சத்தில் உள்ளே எதுவும் தெரியவில்லை.

எட்டாவது நிமிடத்தில் ரேடியேட்டர் குழாயின் இணைப்பில் ஒரு துளி நீர் திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது. சூடு நூற்றுத்தொண்ணூறு. அவர் அந்தத் துளியையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது துளி வரவில்லை.

நிமிர்ந்தபோது டீனா செருப்பில்லாமல் வண்டியருகே நின்றிருந்தாள். வாய் அசைந்தது. கேட்கவில்லை. அவள் கதவோரம் குனிந்து கத்தினாள்.

“அப்பா, வாங்க! மூச்சு நின்னு நின்னு வருது!”

“இன்னும் எட்டு நிமிஷம்!”

“அம்மா செத்துக்கிட்டிருக்காங்கப்பா! ஒரு எஞ்சினுக்காக இங்க உக்காந்திருப்பீங்களா? அணைங்க!”

“அணைச்சா அவளுக்குக் கேக்கும்!”

டீனா அவரைப் பார்த்தாள். பிறகு சாவியைப் பார்த்தாள். அவள் கை நீண்டால் தன்னால் தடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கால் பெடலில்.

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி மறுபக்கக் கதவைத் திறந்தாள். பள்ளி நாட்களில் வார இறுதிகளெல்லாம் அம்மாவின் கார்ப் பந்தயங்களுக்காக வறண்ட ஏரிப் படுகைகளில் புழுதி தின்றவள். பதினெட்டு வயதில் இந்த வண்டியை விட்டு இறங்கியவள், இருபத்தாறு வருடமாக அதில் ஏறியதில்லை. தாழ்ந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டு அவர் அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்க வைக்கணும்? சொல்லுங்க.”

“என் கால் மேல வை. அழுத்து.”

அவளுடைய வெறுங்கால் அவர் ஷூவின் மேல் விழுந்தது. அவர் அடியிலிருந்து காலை உருவினார். சத்தம் ஒரு கணம் சரிந்தது. முள் ஆயிரத்தெண்ணூறு. டீனா பல்லைக் கடித்து அழுத்தினாள். முள் ஏறியது.

“ரெண்டாயிரத்துக்குக் கீழ விடாத. ஒரே எடத்துல பிடிக்காத, ஏத்தி எறக்கு. இந்தச் சூட்டு முள்ளு இருநூத்திருபதத் தாண்டுனா மட்டும் அணை.”

“தெரியும், போங்க! சின்ன வயசுலேர்ந்து இந்த வீட்ல வேற என்ன பேசுனீங்க?”

அறையில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. மேசையில் மருந்துப் புட்டி ஓரத்தை நோக்கி நகர்ந்திருந்தது. வெண்டல் அதைத் தள்ளி வைத்துவிட்டு அர்லீனின் கையை எடுத்தார். அவர் விரல்களில் எண்ணெய். அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.

ஒரு மூச்சு வந்தது. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

அவள் உதடு அசைந்தது. அவர் காதை அருகே கொண்டுபோனார்.

“ஆள் மாறிடுச்சு.”

“ஆமா. டீனா.”

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். புருவம் சற்றே சுருங்கியது, ஏதோ போல்ட்டின் இறுக்கத்தைச் சோதிக்கும்போது சுருங்குவது போல.

“மிதிக்கப் பயப்படுறா.”

“சொல்லட்டுமா?”

“வேணாம்.” இடைவெளி. “பழகிடுவா.”

வெளியே சத்தம் ஏறியது, இறங்கியது. ஒரு மூச்சு வந்தது. அவர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். முப்பதுவரை எண்ணினார். ஐம்பதுவரை எண்ணினார். நூற்றிருபதில் எண்ணுவதை நிறுத்தினார். அவள் புருவம் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

கையை மெதுவாகப் போர்வையின் மேல் வைத்தார். எண்ணெய்க் கறை அவள் மணிக்கட்டில் பதிந்திருந்தது. துடைக்கப் போய், விட்டுவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்திரண்டு.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். பத்தடிக்கு அப்பால், தாழ்ந்த கண்ணாடிக்குப் பின்னால் டீனா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். என்ன என்று தலையசைத்துக் கேட்டாள்.

வெண்டல் நான்கு விரல்களைக் காட்டினார்.

டீனா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து முள்ளைப் பார்த்தாள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது.